மருந்து ஆரம்பித்த மூன்றாவது வாரம்: பயந்த பிள்ளைக்குப் பயமே போய்விட்டது. இது குணமா, பக்க விளைவா?

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்) · முதல் நாள், இரவு 11.40

என் மகனுக்கு 11 வயது. ஓராண்டாகப் பயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. நான் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே வந்து நின்றுகொள்வான். வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தாலே குமட்டும். ஆறு மாதம் உளவியல் சிகிச்சையாளரிடம் அழைத்துப் போனோம். கொஞ்சம் நகர்ந்தது, பிறகு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அதன் பின்தான் மனநல மருத்துவர் செர்ட்ராலின் எழுதினார், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரை. முதலில் 25 மில்லிகிராம், இரண்டு வாரம் கழித்து 50.

முதல் இரண்டு வாரத்தில் லேசான வயிற்று வலியைத் தவிர ஒன்றுமில்லை. 50க்கு ஏற்றிய நான்காம் நாள் நள்ளிரவு ஒரு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அலமாரித் துணி அத்தனையையும் தரையில் கொட்டி, நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தான். முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை. மறுநாள் ஆசிரியரிடம் சிரித்துக்கொண்டே "உங்களுக்கே இந்தக் கணக்கு தெரியாது" என்றிருக்கிறான். தங்கையைப் பிடித்துத் தள்ளினான். நேற்று மதில் மேல் ஏறி நடந்தான். நாற்காலியில் ஏறுவதற்கே என் கையைப் பிடித்த பிள்ளை இவன்.

மாமியார், "மருந்து வேலை செய்கிறது, பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது" என்கிறார். கணவர், "இந்த வயதுப் பையன்கள் இப்படித்தான்" என்கிறார். எனக்கு மட்டும் அடிவயிறு கலங்குகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க இன்னும் 16 நாள் இருக்கிறது. யார் வீட்டிலாவது இப்படி நடந்ததுண்டா?

வேப்பங்காற்று · இரவு 11.58

சகோதரி, இன்றிரவே அந்த மாத்திரையை நிறுத்துங்கள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பானேன்? வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அது. தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்க அரசே கருப்புக் கட்டம் போட்டு எச்சரித்த மருந்து இது. உங்களிடம் யாராவது அதைச் சொன்னார்களா?

அளவுகோல் · நள்ளிரவு 12.25

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. ஆனால் 16 நாள் காத்திருக்கவும் வேண்டாம்.

30 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். மருத்துவர் அல்ல, எனவே என் எல்லைக்குள் நின்று சொல்கிறேன். நாளைக் காலை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். "பையன் சரியில்லை" என்று சொன்னால் பத்தோடு பதினொன்றாகக் குறித்துக்கொள்வார்கள். "இந்தத் தேதியில் 25லிருந்து 50க்கு ஏற்றினோம், நான்காம் நாளிலிருந்து தூக்கமில்லை, தங்கையைத் தள்ளினான், மதில் மேல் நடந்தான்" என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தச் செய்தி மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேரும்.

நீங்கள் விவரிப்பதற்கு ஒரு பெயர் உண்டு. மருத்துவர்கள் 'ஆக்டிவேஷன்' என்பார்கள். பிள்ளைக்குள் இயந்திரத்தை முடுக்கிவிட்டது போன்ற நிலை. தூக்கம் குறையும், வாய் ஓயாது, எரிச்சல் வரும், யோசிக்காமல் செய்துவிடும் வேகம் வரும், கூச்சமும் அச்சமும் கழன்றுவிடும். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும், அளவைக் கூட்டியதும் இது தலைகாட்டும். பதின்வயதினரைவிடச் சிறு பிள்ளைகளிடம் அதிகம். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை, ஆனால் அரிதும் அல்ல. பெரும்பாலும் அளவைக் குறைத்தால் அடங்கும்.

இன்னொன்று. இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளில் ஒன்று சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். அப்படிப்பட்ட உடலில் 50 மில்லிகிராம் அதைவிடப் பெரிய அளவைப் போல நடந்துகொள்ளும். டப்பாவில் அச்சடித்த எண்ணும் ரத்தத்தில் ஓடும் அளவும் ஒன்றல்ல.

அவனுக்கு இப்போது வேறு ஏதாவது மருந்து தருகிறீர்களா? சளி, இருமலுக்குக்கூட?

தாழ்வாரம் · நள்ளிரவு 12.41

நீங்கள் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் இருமலுக்கு ஒரு சிரப் கொடுத்தேன். அதுவும் காரணமாக இருக்குமா?

அளவுகோல் · நள்ளிரவு 12.50

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று இருந்தால் இனி மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அதுவும் செர்ட்ராலினைப் போல, மூளையிலுள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் தொடும் மருந்து. இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் செரோடோனின் சிண்ட்ரோம் வரலாம். காய்ச்சல், உடல் நடுக்கம், தசை விறைப்பு, அதிக வியர்வை, குழப்பமான பேச்சு இவை சேர்ந்து தெரிந்தால் தொலைபேசிக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறிகள் இல்லை. ஆனாலும் சிரப் விஷயத்தையும் நாளை மருத்துவரிடம் சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக்கும் இதே கதைதான். மூலிகைதானே என்று நம்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

இரவு விளக்கு · இரண்டாம் நாள், காலை 6.10

இரவெல்லாம் இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எனக்கு 16 வயதில் மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தார்கள். இப்போது 27. மருந்தை உட்கொண்ட பக்கத்திலிருந்து ஒருத்தியாவது பேச வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது வாரம் எனக்கு வந்ததற்கு அப்போது பெயர் தெரியாது. உட்கார முடியாது, நிற்க முடியாது, படுக்கவும் முடியாது. கால் எலும்புக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும். அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பேன். அம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சுறுசுறுப்பாக இருக்கிறாள்" என்று அப்பாவிடம் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. அது சுறுசுறுப்பு இல்லை. தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்ற தவிப்பு. சாக வேண்டும் என்ற ஆசை அப்போது எனக்கு இல்லை. இந்தத் தவிப்பு நின்றால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் அந்த இரண்டுக்கும் இடையிலிருந்த கோடு மங்க ஆரம்பித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பள்ளி ஆலோசகர் ஒருவர்தான் "நீ நடக்க ஆசைப்பட்டு நடக்கிறாயா, நடக்காமல் இருக்க முடியாமல் நடக்கிறாயா?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். அன்று மாலையே மருத்துவர் அந்த மருந்தை மாற்றினார். அகாதீசியா என்ற சொல்லை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். மாற்றிக் கொடுத்த மருந்து எனக்கு உதவியது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் மருந்துக்கு எதிரி அல்ல.

அக்கா, உங்கள் மகனிடம் நேராகக் கேளுங்கள். உடம்புக்குள் எப்படி இருக்கிறது, சும்மா இருக்க முடிகிறதா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறதா என்று. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். விதைக்காது. கேட்காமல் விட்டதால்தான் நான் தனியாக நடந்துகொண்டிருந்தேன்.

நெறியாளர் · காலை 7.30

தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ சாவது பற்றியோ பிள்ளை பேசினால், இங்கே பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். உடனே அவசர உதவியை நாடுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மருந்துகள் அனைத்தையும் பூட்டி வையுங்கள். மாத்திரையைப் பெரியவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வேப்பங்காற்று · காலை 8.05

இரவு விளக்கு தங்கைக்கு நடந்ததைப் படித்தீர்கள் அல்லவா? நான் சொன்னதும் இதைத்தான். நிறுவனங்கள் மறைத்தார்கள், மருத்துவர்கள் எழுதித் தள்ளினார்கள்.

அளவுகோல் · காலை 8.40

வேப்பங்காற்று ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நானே எடுத்துத் தருகிறேன்.

பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்தைப் பதின்வயதினருக்குக் கொடுத்துப் பார்த்த '329' என்ற ஆய்வு 2001இல் வெளியானது. நல்ல பலன், பெரிய ஆபத்தில்லை என்றது கட்டுரை. தற்கொலை எண்ணம், முயற்சி போன்றவை அதில் 'உணர்ச்சி நிலையின்மை' என்ற பெயரில் பதிவாகியிருந்தன. வேறு ஆய்வாளர்கள் மூலத் தரவுகளை எடுத்து மறுபடி அலசி 2015இல் வெளியிட்டபோது, பலன் போலி மாத்திரையைவிட (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) மேலில்லை, தீங்குகள் குறைத்துக் காட்டப்பட்டிருந்தன என்று தெரிந்தது. ஒரு சொல்லை மாற்றினால் ஒரு பிள்ளையின் தவிப்பே அட்டவணையிலிருந்து காணாமல் போய்விடுகிறது. "சுறுசுறுப்பாக இருக்கிறாள்" என்று இரவு விளக்கின் வீட்டில் சொன்னதும் ஒரு வகையில் அதே பெயர் மாற்றம்தான்.

இனி மறுபாதி. 2004இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மனச்சோர்வு மருந்துகள் பற்றிய 24 ஆய்வுகளை, 4,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை, சேர்த்துப் பார்த்தது. மருந்து உட்கொண்டவர்களில் 100க்கு 4 பேரிடம் தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ தெரிந்தது. போலி மாத்திரை உட்கொண்டவர்களில் 100க்கு 2. அந்த ஆய்வுகளில் ஒரு பிள்ளைகூட இறக்கவில்லை. நீங்கள் சொல்லும் கருப்புக் கட்டம் அதிலிருந்து வந்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தார்கள். "கொடுக்காதே" என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கவில்லை. குறிப்பாக முதல் சில மாதங்களிலும் அளவு மாறும்போதும் பிள்ளையை உன்னிப்பாகக் கவனி என்றுதான் எழுதியிருக்கிறது. தொடக்கத்தில் அந்த நிர்வாகம் பரிந்துரைத்தது முதல் நான்கு வாரம் வாரம் ஒரு முறை, அடுத்த நான்கு வாரம் இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு 12ஆவது வாரம் என்று. நடைமுறையில் எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறார்கள்? என் கோபம் அங்கேதான் இருக்கிறது. மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு "ஐந்து வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்புவதைப் பற்றித்தான் நாம் சண்டை போட வேண்டும்.

மூன்றாம் நாற்காலி · காலை 10.15

குழந்தைகள் மனநல மருத்துவர் நான். (பெயருக்கு விளக்கம் கேட்பவர்களுக்கு: ஆலோசனை அறையில் தந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று போக மூன்றாவதாக ஒரு நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவரைத்தான் பெரும்பாலும் யாரும் பேச விடுவதில்லை.) இணையத்தில் நோய் கணிக்க மாட்டேன். உங்கள் மருத்துவரிடம் பேசும்போது கைகொடுக்கும் என்பதற்காகச் சில வேறுபாடுகளை மட்டும் எழுதுகிறேன்.

மருந்து தொடங்கிய பின் நடத்தை மாறினால், வெளியிலிருந்து ஒன்று போலத் தெரியும் பல விஷயங்கள் உள்ளே வேறு வேறாக இருக்கும். ஒன்று அளவுகோல் சொன்ன ஆக்டிவேஷன். இன்னொன்று இரவு விளக்கு அனுபவித்த அகாதீசியா. அதில் பிள்ளைக்குத் துன்பம் முகத்தில் எழுதியிருக்கும், ஆனால் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. மூன்றாவது, பித்து நிலை அல்லது அதன் மென்மையான வடிவம். பிள்ளைக்குள் ஒளிந்திருந்த இருமுனைக் கோளாறை (மனநிலை பித்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) மருந்து வெளியே இழுத்துவிடுவதுண்டு. ஆக்டிவேஷனில் பிள்ளை தூக்கம் வராமல் புரள்வான், மறுநாள் சோர்ந்திருப்பான். பித்தில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, தூக்கமே தேவையில்லை என்று துள்ளுவான். தன்னால் எதுவும் முடியும் என்பான், செயலுக்குச் செயல் தாவுவான், பேச்சைப் பிடிக்கவே முடியாது. அளவைக் குறைத்த பிறகும் அது அடங்காமல் போகலாம். மருந்தால் வந்த வெறும் படபடப்பு சில நாட்களில் தணிந்துவிடும். செர்ட்ராலின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகும். இதே வகையைச் சேர்ந்த ஃப்ளூஆக்ஸெடின் அப்படி இல்லை, அதுவும் அது சிதைந்து உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் உடலில் தங்கும். அந்த மருந்தில் பக்க விளைவு போகவும் பொறுமை வேண்டும்.

பயம் விலகும்போது பிள்ளை கொஞ்சம் வாய் பேசுவதும் உண்டு. வகுப்பில் கை தூக்காதவன் கை தூக்கினால் அது குணம். அதே பிள்ளை மதில் மேல் நடந்தால் அது வேறு. உங்கள் அடிவயிறு சரியாகத்தான் கலங்கியிருக்கிறது.

வேப்பங்காற்று, நீங்கள் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் தட்டின் மறுபக்கத்தையும் பாருங்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 12 வாரத்தில் போலி மாத்திரையில் 24 விழுக்காட்டினர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ராலினில் 55, நடத்தைச் சிகிச்சையில் 60, இரண்டும் சேர்த்துக் கொடுத்தபோது 81. பதற்றத்துக்கு இந்த மருந்துகள் மனச்சோர்வைவிட நன்றாகவே வேலை செய்கின்றன. பயத்திலேயே உறைந்துபோன ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கைக்கும் விலை உண்டு.

தாழ்வாரம், ஒரே ஒரு கேள்வி. பொதுவில் பதில் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் மருத்துவரிடம் சொன்னால் போதும். உங்கள் இருவர் குடும்பத்திலும் யாருக்காவது இருமுனைக் கோளாறு இருந்திருக்கிறதா?

மெதுவண்டி · மதியம் 1.20

நான் எதிர்த்திசையிலிருந்து வருகிறேன். என் மகளுக்கு 15 வயது, இதே வகை மருந்தான எஸ்சிட்டலோப்ராம். முதல் மூன்று மாதம் சொர்க்கம். அழுகை நின்றது, பள்ளிக்குப் போனாள். நாங்களும் கண்காணிப்பதை விட்டுவிட்டோம். ஏழாவது மாதம்தான் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்தது. அவள் எதற்கும் அழவில்லை, எதற்கும் சிரிக்கவும் இல்லை. மதிப்பெண் குறைந்தது, "அதனால் என்ன" என்றாள். ஆறு ஆண்டு வளர்த்த முயல் செத்துப் போனது. தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து கைப்பேசியை எடுத்தாள். நோய் திரும்பிவிட்டதோ என்று அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். மருத்துவர் குறைத்தார். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் என்னிடம் கத்திச் சண்டை போட்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

மூன்றாம் நாற்காலி · மதியம் 2.05

நீங்கள் எழுதியது முக்கியமான ஒன்று. இந்த மரத்துப்போன நிலை மெல்ல, மாதங்கள் கழித்து வரும், வீட்டில் யாருக்கும் தொல்லை கொடுக்காது. அதனாலேயே தப்பிவிடும். மனச்சோர்வு என்று நினைத்து அளவைக் கூட்டினால் இன்னும் ஆழமாகும். பெரும்பாலும் அளவு குறைந்தால் மீளும்.

வேப்பங்காற்று · மாலை 4.30

நான் ஏன் இவ்வளவு வேகமாக எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகளுக்கு வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். 17 வயது. எரிச்சல் தாங்காமல் அவளே ஒரு நாள் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டாள். மூன்று நாள் தலைக்குள் மின்சாரம் பாய்கிறது என்று கத்தினாள், தலைசுற்றல், வாந்தி, யாரைப் பார்த்தாலும் கோபம். மருந்து அவளைப் பைத்தியமாக்கிவிட்டது என்றுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் பேச்சு.

அளவுகோல் · மாலை 5.00

ஐயா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாள் நடந்தது மருந்தை உட்கொண்டதால் அல்ல, ஒரே நாளில் விட்டதால். வென்லாஃபாக்சின், பராக்ஸெடின் இரண்டும் இதில் கெட்ட பெயர் எடுத்தவை. உடலிலிருந்து விரைவாக வெளியேறிவிடும், உடல் அதற்குள் பழகியிருக்காது. படிப்படியாகக் குறைத்திருந்தால் இவ்வளவு படுத்தியிருக்காது. நேற்றிரவு நீங்கள் "இன்றே நிறுத்துங்கள்" என்றபோது நான் பதறியது இதற்காகத்தான்.

வேப்பங்காற்று · மாலை 5.12

அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நேற்று எழுதியதில் "இன்றிரவே நிறுத்துங்கள்" என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் சகோதரி. மற்றதைத் திரும்பப் பெறவில்லை.

தாழ்வாரம் · இரண்டாம் நாள், இரவு 9.50

காலையில் அழைத்தேன். முதலில் எடுத்தவர் "நேரம் வரும்போது வாருங்கள்" என்றார். தேதி, அளவு, மதில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னதும் காத்திருக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் மருத்துவரே பேசினார். நாளையிலிருந்து மறுபடி 25. வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தது. குப்பையில் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாற்காலி ஐயாவின் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். என் தம்பி. 22 வயதில் ஒரு வாரம் தூங்காமல் ஊரெல்லாம் கடன் வாங்கி ஏதோ தொழில் தொடங்கப் போகிறேன் என்று திரிந்தான். பிறகு மருத்துவமனை. எங்கள் வீட்டில் அதை 'அந்த வருஷம்' என்று மட்டும் சொல்வோம். என் கணவருக்கே முழுதாகத் தெரியாது. முதல் நாள் மருத்துவர் "குடும்பத்தில் யாருக்காவது" என்று கேட்டபோது மாமியார் பக்கத்தில் இருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை தனியாகப் போய்ச் சொல்லப் போகிறேன்.

மூன்றாம் நாற்காலி · இரவு 10.20

சொல்லுங்கள். தாய்மாமனுக்கு இருப்பதால் மகனுக்கும் இருக்கிறது என்று பொருளல்ல. ஆனால் உங்கள் மருத்துவர் எதை எதிர்பார்த்துக் கவனிக்க வேண்டும் என்பது மாறும். இதை மறைத்தவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. நாங்கள் கேட்கும் விதமும் அப்படித்தான் இருக்கிறது, அறை நிறையச் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு.

தாழ்வாரம் · பதினான்காம் நாள், இரவு 10.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். 25க்கு இறங்கிய நான்காம் இரவு முழுதாகத் தூங்கினான். மதில், அலமாரி எதுவும் இல்லை. தங்கையிடம் தானாகப் போய் மன்னிப்புக் கேட்டான். வெள்ளிக்கிழமை தம்பி விஷயத்தைச் சொன்னேன். மருத்துவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். இப்போதைக்கு 25இலேயே இருக்கட்டும், ஏற்றினால் இன்னும் சிறிய படியாக ஏற்றலாம், நடத்தைச் சிகிச்சையை மறுபடி தொடங்கலாம் என்றார். அதுவரை ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் பேச வேண்டும். ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்: தூங்கிய நேரம், எழுந்த நேரம், சண்டை, அவன் சிரித்தது. சிரித்ததை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன்.

பயம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நேற்று குளியலறைக் கதவுக்கு வெளியே மறுபடி அவன் காலடி கேட்டது. உள்ளே நின்று அழுதேன், ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

இரவு விளக்கு · இரவு 10.44

அக்கா, அவனிடம் கேட்டீர்களா?

தாழ்வாரம் · இரவு 10.58

கேட்டேன் தங்கையே. "தூக்கம் வராதது ஜாலியாகத்தான் இருந்தது. ஆனால் கை சும்மாவே இருக்கவில்லை அம்மா, அது எனக்குப் பிடிக்கவில்லை" என்றான். செத்துப்போக வேண்டும் என்றெல்லாம் தோன்றியதா என்றும் கேட்டேன். இல்லை என்றான். பிறகு, "தோன்றினால் உன்னிடம் சொல்லலாமா?" என்றான்.

சொல்லலாம் என்றேன். வியாழக்கிழமை மருத்துவரிடம் பேசிவிட்டு எழுதுகிறேன்.